காரைக்கு ஜீப்பில் வருகிறவர்களுக்கு ஒரு பழைய வாத்தியாரின் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, டீயை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு போன். 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது பெங்களூரில் நல்ல வேலை. பெயர் சொல்லவில்லை, படித்ததும் அவனுக்கே தெரியும்.

"சார், நாங்க பத்து பேர், நாலு ஜீப். எல்லாம் ஃபோர் வீல் டிரைவ். போன வருஷம் லடாக் வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டோம். இந்தத் தடவை நம்ம ஊர்ப் பக்கமே ஒரு ஆஃப் ரோடு டிரிப். காரை மேட்டுல உள்ள வண்டிய இறக்கி, ரெண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம்னு பிளான். பாலைவனம் மாதிரியே இருக்கு சார் யூடியூப்ல. நீங்கதான் வழி காட்டணும். உங்களையும் ஒரு வண்டியில ஏத்திக்கிறோம்."

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். ஒரு வாரமாக யோசித்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் காரையைப் பார்க்காத உறவுகளுக்காக. திருச்சி–பெரம்பலூர் நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் ஆலத்தூர் வட்டத்துக் கிராமங்கள். இருபுறமும் மக்காச்சோளமும் பருத்தியும். திடீரென்று பச்சை நின்றுவிடும். சாம்பலும் மஞ்சளும் கலந்த களிமண் மேடுகள். மேட்டுக்கு மேடு நடுவே மழைநீர் அறுத்த ஓடைகள். மரம் கிடையாது, நிழல் கிடையாது. வெயிலில் அங்கங்கே கண்ணாடிச் சில்லு போல மின்னும். அது கண்ணாடி அல்ல, ஜிப்சம். காரையிலிருந்து குளக்காநத்தம் வரை இந்தக் காட்சிதான். புதிதாகப் பார்ப்பவர்கள் பாலைவனம் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் மழை இல்லாததால் அது அப்படி ஆகவில்லை. மழையால்தான் ஆனது. மிருதுவான களிமண், ஒவ்வொரு ஐப்பசி மழையும் ஒரு தோலை உரித்துக்கொண்டு போகிறது. செடி வேர் பிடிப்பதற்குள் மண் போய்விடுகிறது. அந்த மண்ணோ ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் படிந்த சேறு. நம் ஊர் பாலைவனம் உண்மையில் ஒரு கடல்தரை.

அந்தக் கடல்தரையில் கூடாரம் போட வருகிற முதல் ஆட்கள் நீங்கள் இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1840-களில் மதராஸ் அரசாங்கத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கல்லாகிப் போன சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-ல் அவற்றைப் பற்றி எழுதினார். தென்னிந்தியாவின் உட்பகுதி வரை ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் ஊர்க் கிழவிகளுக்கு அதற்கு முன்பே அந்தக் கற்கள் தெரியும். ஆனால் கிழவிகள் கட்டுரை எழுதவில்லை.

அடுத்து வந்தவர்தான் முக்கியமானவர். ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கியது. அதில் இருபது வயதைத் தாண்டியதும் சேர்ந்தவர். 1857 முதல் சில பருவங்கள் நம் பகுதியைச் சுற்றினார். அப்போது திருச்சிக்கே ரயில் வரவில்லை. மாட்டுவண்டி, குதிரை, கூடாரம், இவ்வளவுதான். அந்தக் காலத்து ஆய்வுத் துறையினருக்கு ஒரு கணக்கு உண்டு. மழைக்காலம் முடிந்து கிளம்புவார்கள். கோடை முற்றுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மழை மாதங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு. நம் மண்ணில் மழைக்காலத்தில் வண்டி ஓட்ட முடியாது என்பது வண்டிக்காரன் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

1862-ல் அவருடைய அறிக்கை வந்தது. நம் பாறைகளை மூன்றாகப் பிரித்தார். அடியில் இருப்பது ஊட்டத்தூர் தொகுதி, நடுவில் திருச்சிராப்பள்ளி தொகுதி, மேலே அரியலூர் தொகுதி. இன்றைக்கும் உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தக் காலத்துக் கடலைப் பற்றிப் படித்தாலும் ஊட்டத்தூர் என்றும் அரியலூர் என்றும்தான் படிக்கிறார்கள். சுத்தரத்தினேசுவரர் கோயிலுக்கு மட்டும்தான் ஊட்டத்தூருக்குப் புகழ் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த புரூஸ் ஃபூட்டைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவரும் வில்லியம் கிங் என்பவரும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு பகுதிகளின் பாறைகளைப் பற்றி 1864-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆக அந்தப் பத்து வருடத்தில் நம் பக்கம் வெள்ளைக்காரன் கூடாரத்துக்குப் பஞ்சமே இல்லை.

பிளான்ஃபோர்டுக்கு உடம்பு முடியாமல் 1862-லேயே துறையை விட்டுவிட்டார். அப்புறம் வானிலைப் பக்கம் போனார். 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். டிவியில் "வானிலை ஆய்வு மையம்" என்று கேட்கும்போதெல்லாம் ஊட்டத்தூர் மண்ணில் அலைந்த ஒரு மனிதரின் ஞாபகம் எனக்கு வரும்.

அவர் ஒரு வேலையைப் பாதியில் விட்டுப் போயிருந்தார். சேர்த்த புதைபடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, பெயர் வைக்கிற வேலை. பெலெம்னைட்டுகளையும் நாட்டிலஸ்களையும் மட்டும் முடித்திருந்தார். (பெலெம்னைட் என்றால், துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும் என்று நீங்கள் காரையில் அடித்துக்கொண்டு பொறுக்கினீர்களே, அது. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு பிராணியின் உள்ளோடு.) மிச்ச வேலை, 1862-ல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் வந்தது. பெர்டினான்ட் ஸ்டொலிச்கா. இன்றைய செக் நாட்டுக்காரர். அப்போது வயது 24.

பத்து வருடம் உட்கார்ந்தார். அம்மோனைட்டுகள், நத்தைகள், சிப்பிகள் என்று ஒவ்வொரு வகையாக முடித்து, 1873 வாக்கில் நான்கு பெரிய தொகுதிகள் நிறைவடைந்தன. தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் கால உயிரினங்கள் பற்றி இன்றும் அடிப்படை நூல் அதுதான். ஒரு அம்மோனைட் இனத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள், ஸ்டொலிச்காயா என்று. அம்மோனைட் தெரியும்தானே? சுருண்ட ஆட்டுக்கொம்பு போல இருக்கும். பெருமாள் கோயிலில் சாளக்கிராமம் என்று பூசை செய்கிறார்களே, கண்டகி நதியிலிருந்து வருவது, அதற்குள் இருப்பதும் அம்மோனைட்தான்.

லடாக் போய் வந்தவர்களே, இனிமேல்தான் உங்களுக்கான இடம்.

அந்த நான்கு தொகுதி வேலை முடிந்த அதே 1873-ல் ஸ்டொலிச்கா இன்னொரு பயணத்துக்குப் புறப்பட்டார். ஃபோர்சைத் என்ற அதிகாரியின் தலைமையில் காஷ்கரை ஆண்ட யாகூப் பெக்கிடம் அரசு தூதுக்குழு போனது. இரண்டாம் யார்கண்ட் தூதுக்குழு என்று சொல்வார்கள். லே வழியாக, காரகோரம் கணவாய் தாண்டி, தக்லமக்கான் பாலைவனத்தின் ஓரத்துக்கு. அதில் ஸ்டொலிச்காதான் இயற்கை அறிஞர். முந்நூறுக்கு மேல் ஆட்கள், ஐந்நூறுக்கு மேல் சுமைவிலங்குகள். வழியில் புல் கிடையாது. ஆகவே ஆளுக்குச் சோறு மட்டுமில்லை, மட்டக்குதிரைக்குத் தீனியையும் சுமந்துகொண்டே போக வேண்டும். தீனி சுமக்கிற குதிரைக்கும் தீனி வேண்டும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பில் போடச் சொன்னால் நீங்கள் எல்லாரும் முழித்திருப்பீர்கள்.

போகும்போதே உயரத்தில் ஸ்டொலிச்காவுக்குக் கடுமையாக நோய் கண்டது. ஓய்வெடுத்துத் தேறினார். குழு யார்கண்ட், காஷ்கர் எல்லாம் போனது. 1874-ல் திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியபின், முர்கோ என்ற இடத்தில் ஜூன் 19-ம் தேதி இறந்துபோனார். பன்னிரண்டு நாள் முன்புதான் 36 வயது முடிந்திருந்தது. லேயில் அடக்கம் செய்தார்கள். அரசாங்கம் அங்கே ஒரு நினைவுத்தூண் வைத்தது.

நீங்கள் லேயில் நின்று எடுத்த முப்பது போட்டோவையும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. நம் காரைச் சிப்பிகளுக்குப் பெயர் வைத்த மனிதரின் கல்லறை அதே ஊரில் இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை. நான் உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரியும்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் செத்தது அல்ல, அதற்கு அப்புறம் நடந்தது. அவர் சேர்த்த கற்களும் விலங்குகளும் பறவைகளும் இந்தியா வந்து சேர்ந்தன. கூடவே குறிப்புகளும். ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் என்ன பாறை என்று எழுதி வைத்திருந்தார். அதை வைத்து அந்தப் பயணத்தின் நிலவியல் பகுதியை எழுதி 1878-ல் வெளியிட்டவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. யார் தெரியுமா? நம் ஊட்டத்தூர் பிளான்ஃபோர்டின் அண்ணன். தம்பி பாதியில் விட்டதை ஸ்டொலிச்கா முடித்தார். ஸ்டொலிச்கா பாதியில் விட்டதை அண்ணன் முடித்தார். எழுதி வைத்திருந்ததால் முடிக்க முடிந்தது. குறிப்பு இல்லாமல் வெறும் கல் மூட்டை மட்டும் வந்திருந்தால் அதை வைத்து யாரும் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க முடியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் ஒரு வாரம் ஆனது.

1996 தை மாதம். நம் மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. உங்களை, நாற்பத்திரண்டு பேரை, டவுன் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, காரைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். புளிச்சோறும் தண்ணீர் கேனும். ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தேன். "யாரு நிறையப் பொறுக்கிட்டு வர்றாங்களோ அவங்களுக்குப் பரிசு" என்றேன். நாற்பத்திரண்டு பேரும் அந்த ஓடைகளில் எறும்பு மாதிரிப் பரவினீர்கள். சாயங்காலம் இரண்டு சாக்கு நிறைந்தது. 187 கல் பொறுக்கியவனுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் பரிசு. அவன்தான் போன வாரம் போன் பண்ணியவன்.

அந்த இரண்டு சாக்கும் பள்ளியில் ஒரு மூலையில் இருந்தது. கொஞ்சத்தை அலமாரியில் அடுக்கினேன். "கடல் வாழ் உயிரினங்கள் – காரை" என்று ஒரே ஒரு அட்டை எழுதி வைத்தேன். எந்த மேட்டில் எடுத்தது, மேலே கிடந்ததா, மண்ணுக்குள் பதிந்திருந்ததா, எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. சில வருடம் கழித்துக் கட்டட வேலை நடந்தபோது, நான் விடுப்பில் இருந்த இரண்டு நாளில், சாக்குகளும் அலமாரிக் கற்களும் ஜல்லியோடு சேர்ந்து அஸ்திவாரத்துக்குள் போய்விட்டன. வேலையாட்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது கல். பெயரும் ஊரும் எழுதாத கல்லை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

பத்துக் கோடி வருடம் கிடந்ததை ஒரு மத்தியானத்தில் சாக்கில் கட்டியது நான்தான். அதற்குப் பரிசு வேறு.

எல்லாம் தெரிந்தவர்கள் கையிலேயே போனதும் உண்டு. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு. மேட்லி என்ற ஆங்கிலேயர் அந்தப் பக்கம் டைனோசர் எலும்புகள் சேகரித்து 1929-ல் எழுதினார். 1980-களில் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அதே இடத்தில் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று பதிவு. புருஹத்காயோசாரஸ் மேட்லியை என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், அதாவது பேருடல். உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த எலும்பு இன்று எங்கும் இல்லை. ஈரத்தில் ஊறி, உப்பிப் பொடியாகிற எலும்பு; அலுவலகம் போய்ச் சேருவதற்கு முன்பே உதிர ஆரம்பித்துவிட்டது என்று 2017-ல் அய்யாசாமியும் இன்னொரு அறிஞரும் எழுதினார்கள். படமும் அளவும் குறித்து வைத்ததால் விவாதமாவது மிச்சம்.

குன்னத்தில் 2020-ல் குளம் வெட்டும்போது உருண்டைக் கற்கள் வந்து, டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது நினைவிருக்கும். நம் குடும்ப வாட்ஸ்அப்பில் மாமா ஒருவர் விலைகூடப் பேசிவிட்டார். பார்த்த வல்லுநர்கள் முட்டை இல்லை, அம்மோனைட் படிவுகள் என்றார்கள். முட்டை இல்லையென்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. அம்மோனைட் என்றால் நம் ஆட்களுக்கு மதிப்பில்லை.

சரி, ஜீப்புக்கு வருகிறேன்.

காரையில் அடுக்குதான் புத்தகத்தின் பக்க எண். எந்தக் கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியும். நான்கு ஜீப் ஏறி இறங்கினால் மேட்டின் சரிவு உடைந்து மேலடுக்கு கீழடுக்கோடு கலந்துவிடும். டயர் போன தடத்தில் அடுத்த மழை ஓடும். ஒரே வருடத்தில் அது புது ஓடை. ஏற்கெனவே சனி, ஞாயிறுகளில் பைக்குகள் ஏறிய தடம் தெரிகிறது. பெலெம்னைட் ஒன்றின் மேல் சக்கரம் ஏறினால் பல்பக் குச்சி மாதிரி ஒடியும்.

ஆகவே என் பதில் இது. வாருங்கள். ஆனால் வண்டி தார்ச் சாலையோடு நிற்கட்டும். உள்ளே நடந்துதான்.

உங்கள் பிளானில் கிறிஸ்துமஸ் லீவு என்று இருந்தது. வேண்டாம். மார்கழியில் மேலே பொருக்குக் காய்ந்திருக்கும், உள்ளே களி அப்படியே இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் என்றெல்லாம் அந்தக் களிக்குத் தெரியாது. சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டு, வண்டி வழுக்கி ஓடைக்குள் போய்விடும். டிராக்டரே மாட்டி, இன்னொரு டிராக்டர் வந்து இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் கழித்து தை கடைசி அல்லது மாசி முதல் வாரம் வாருங்கள். பங்குனி வந்தால் பதினோரு மணிக்கு மேல் நிற்க முடியாது. பிளான்ஃபோர்டு காலத்துக் கணக்கும் இதுதான்.

ஓடைக்குள் டென்ட் போடுகிற யோசனையை விடுங்கள். மேற்கே எங்கோ மழை பெய்தால் இங்கே ராத்திரி தண்ணீர் வரும். கண்ணாடி விரியனும் தேளும் உண்டு. மேடுகள் முழுக்கப் புறம்போக்கும் இல்லை, பட்டா நிலமும் நடுவில் வருகிறது. கேட்காமல் உள்ளே இறங்கினால் ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம். என் மைத்துனருக்குப் பக்கத்து ஊரில் களத்துமேடு இருக்கிறது. கேட்டுவிட்டேன். "வாத்தியார் பசங்கன்னா தாராளமா வரட்டும் மாமா, மோட்டார்த் தண்ணியும் இருக்கு" என்றார். நான்கு டென்ட் தாராளமாகப் போடலாம். ஆடு மேய்க்கிற அவர் பங்காளி ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொள்வோம். எந்த மேடு எந்த மழையில் சரிந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருக்கு ஒரு நாள் கூலி உங்கள் கணக்கில். ஊர்த் தலையாரிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்துப் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு. வெயில் ஏறியபின் சாத்தனூர் போய், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிற மரத்தைப் பார்க்கலாம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நம்மவர் வெளியுலகுக்குச் சொன்னது. மறுநாள் அரியலூர்ப் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகம். வழியில் சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் திங்கள் அல்லது வெள்ளி பார்த்து வாருங்கள், மற்ற நாளில் நடை சாத்தியிருக்கும். மருமகள்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மஞ்சப்பை இந்த முறை கிடையாது. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் நான் தருகிறேன். பார்த்ததை எடுக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, போன் காட்டுகிற இடக் குறிப்போடு எழுத வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். என் முழங்கால் மூன்று மேட்டுக்கு மேல் தாங்காது. நான் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. 1996-ல் வந்தவர்களில் யாராவது அன்றைக்குச் சாக்கில் போடாமல் டவுசர் பையில் ஒளித்து வீட்டுக்கு எடுத்துப் போனீர்களா? எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் எடுத்தீர்கள். அன்றைக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். இன்னும் வீட்டில், சாமி அலமாரியிலோ டிவி ஸ்டாண்டிலோ இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எந்த மேட்டுப் பக்கம் எடுத்தது என்று லேசாக நினைவிருந்தாலும் போதும். வரும்போது கொண்டு வாருங்கள். முதல் நோட்டில் முதல் பக்கம் அதற்கு.

தேதியைத் தம்பி நீயே முடிவு பண்ணிச் சொல். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நல்லது.

— உங்கள் வாத்தியார்